கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியுமா?

2025 ஏப்ரல் மாதம். அப்ரைசல் நேரம். மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி வீட்டின் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள் அவள். திரையில், பெங்களூரிலிருந்து அவளுடைய மேலதிகாரி.

"இந்த வருஷமும் டைரக்டர் போஸ்ட் உங்களுக்கு வரலை. ஸாரி."

அவளுக்குத் தொண்டை அடைத்தது. "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒரு தப்பும் இல்லை. உங்க வேலையில குறையே சொல்ல முடியாது. எல்லாமே உங்களை நம்பித்தான் ஓடுது. அதுதான் பிரச்னை."

அழைப்பு முடிந்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் அவளை விடவில்லை. எல்லாம் தன்னை நம்பி ஓடுவது எப்படிப் பிரச்னையாகும்? பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து, 'இவளால் முன்போல முடியாது' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதானே ஆறு வருடமாக இரவு பகல் பார்க்காமல் உழைத்தாள்? ஆறு மணி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் சக ஊழியருக்குப் போன வாரம்தான் டைரக்டர் பதவி கிடைத்திருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

அவள் ஒரு ப்ராடக்ட் மேனேஜர். மருந்துக்கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் நிறுவனத்தில் வேலை. "என் பொண்ணு கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார். அதற்குமேல் என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. சாஃப்ட்வேரை எழுதுவது இன்ஜினீயர். திரையை வரைவது டிசைனர். விற்பது விற்பனைப் பிரிவு. எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது, எதை இப்போதைக்குத் தள்ளிவைப்பது என்று முடிவுசெய்து, இவர்கள் எல்லோரையும் ஒரே திசையில் நடக்கவைப்பது ப்ராடக்ட் மேனேஜரின் வேலை. அவளுடைய டீமில் பதினொரு பேர். அதில் ஒருவருக்குக்கூட அவள் மேலதிகாரி கிடையாது!

இந்த வேலையின் வேர் சாஃப்ட்வேரில் இல்லை, சோப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர், 'கேமே' சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்தார். வெளியிலிருந்து வந்த போட்டியோடு, அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற 'ஐவரி' சோப்போடும் கேமே மோத வேண்டியிருந்தது. 1931 மே மாதம் அவர் நிர்வாகத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும், அது ஏன் விற்கிறது, ஏன் விற்கவில்லை என்று அவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், சரிசெய்யும் பொறுப்பையும் அவரே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் மெக்எல்ராய் அந்த நிறுவனத்தின் தலைவரானார். 1957-ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். அன்று அவர் சொன்ன அந்தப் பொறுப்பாளரின் வாரிசுகள்தான் இன்றைய ப்ராடக்ட் மேனேஜர்கள். பொறுப்பு முழுவதும் உண்டு, அதிகாரம் கிடையாது என்ற நிலைமை மட்டும் மாறவே இல்லை.

அதிகாரம் இல்லாதவள் என்ன செய்வாள்? தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள். இன்ஜினீயர் கேட்ட கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில். டிசைனர் தயங்கினால் தானே திரையை வரைந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை புகார் வந்தாலும் அவளே கடைக்காரரிடம் பேசிவிடுவாள். 'அக்காகிட்ட கேளு' என்பது அந்த டீமின் தாரக மந்திரம் ஆகிவிட்டது.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் மாமனார் கேட்டார். "ஏம்மா, முகமே சரியில்லையே. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா. ஆபீஸ்ல ப்ரமோஷன் வரலை."

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலதிகாரி சொன்னதை அவள் அப்படியே ஒப்பித்தாள். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவரோ சிரித்தார்.

"என்னை ஃபோர்மேன் ஆக்கினப்போ எனக்கும் இதேதாம்மா நடந்துச்சு. பதினாலு வருஷம் லேத்துல நின்னவன் நான். எந்தப் பையனாவது ஜாப்பைத் தப்பா பிடிச்சா எனக்குப் பொறுக்காது. 'தள்ளுப்பா, நான் பார்த்துக்கறேன்'னு அவனை நகர்த்திட்டு நானே முடிச்சிடுவேன். கை அவ்வளவு சுத்தம். ஆனா மூணு மாசத்துல எங்க செக்‌ஷன் உற்பத்தி குறைஞ்சுபோச்சு."

"ஏன் மாமா?"

"எல்லாப் பயலும் எனக்காகக் காத்துக்கிட்டு நின்னான். நான் ஒரு மெஷின்ல இருந்தா மத்த ஏழு மெஷின் சும்மா இருக்கும். எங்க சூப்பர்வைசர் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். 'நாளையிலேருந்து கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லு. வாயால சொல்லிக்கொடு. கையை முன்னால கொண்டுவந்தா உனக்கு ஃபோர்மேன் வேலை கிடையாது'ன்னார்."

"தப்பா பண்ணிட்டா?"

"பண்ணுவான். நாலு ஜாப் ஸ்க்ராப்புக்குப் போகும். அதை அவனுக்குக் கட்டுற ஃபீஸ்னு வெச்சுக்கணும். மேல இருக்கிறவங்க கேட்டா நீதான் பதில் சொல்லணும். பையனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது."

அவர் இன்றும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். பேத்தி அதைப் பார்த்து அப்படியே நடந்து காட்டி வீட்டைச் சிரிக்க வைப்பாள். அந்த நடை எங்கிருந்து வந்தது என்று மருமகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்பத்தூர் சூப்பர்வைசர் சொன்ன அதே விஷயத்தை இன்டெல் நிறுவனத்தை வளர்த்தவர்களில் ஒருவரான ஆண்டி குரோவ், 1983-ல் வெளியான 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். ஒரு மேலாளர் எவ்வளவு ஓடியாடினார் என்பது அவருடைய உற்பத்திக் கணக்கில் வராது. அவருடைய டீமும், அவரால் பலன் பெறும் பக்கத்து டீம்களும் சேர்ந்து என்ன செய்து முடித்தன என்பதே கணக்கு. தொழில்நுட்பத் துறையில் பலர் ஒரு கட்டத்துக்குமேல் வளராமல் நிற்பது இந்த இடத்தில்தான். அந்த இடம்வரை அவர்களைக் கொண்டுவந்த கைத்திறமையே, அடுத்த படிக்குத் தடையாகிவிடுகிறது.

கேட்க எளிது. செய்வது?

முதலில் அவள் ஒரு நோட்டு வாங்கினாள். ஒரு வாரம் முழுக்க, டீமில் யார் என்ன கேள்வி கேட்டாலும் அதில் எழுதினாள். வெள்ளிக்கிழமை மாலை எண்ணிப் பார்த்தால் 63 கேள்விகள். அவற்றில் அவள் மட்டுமே முடிவெடுக்கக்கூடியவை ஏழு. மற்ற 56-ம் காரணம் தெரிந்தால் அவர்களே முடிவெடுக்கக்கூடியவை. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவள் இத்தனை வருடம் பதிலைச் சொன்னாளே தவிர, காரணத்தைச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் முதல், எந்த வேலையைத் தொடங்கும்போதும் ஒரே ஒரு பக்கம் எழுதினாள். இது யாருக்காக? அவருக்கு இப்போது என்ன கஷ்டம்? இதில் எதையெல்லாம் நாம் செய்யப்போவதில்லை? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் கடினமாக இருந்தது. ஆனால் அந்தப் பதில்தான் பாதிக் கேள்விகளைக் குறைத்தது.

மூன்றாவதாக, கடைகளுக்குத் தான் போவதை நிறுத்திவிட்டு டீமில் இருப்பவர்களை அனுப்பினாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடமான ஒரு பையன் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

"அக்கா, அந்த அண்ணாச்சி ஹெச்1 ரெஜிஸ்டரைக் கையாலதான் எழுதறாரு. நம்ம சாஃப்ட்வேர்ல இருக்கிறதைத் தொடறதே இல்லை."

ஷெட்யூல் ஹெச்1 என்ற பட்டியலில் சில வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய சில மருந்துகள் இருக்கின்றன. 2014 மார்ச் முதல், இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். அதற்கான வசதியை அவள்தான் இரவெல்லாம் விழித்து வடிவமைத்திருந்தாள். டீமே கைதட்டிய வேலை அது.

"ஏன் தொடறதில்லை?" என்று கேட்டபோது அவள் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

"பில் போட்டு முடிச்ச பிறகுதான் நம்ம ஸ்கிரீன் டாக்டர் பேரைக் கேக்குது. அதுக்குள்ள வாங்கறவர் சீட்டை வாங்கிக்கிட்டுப் போயிடறார்."

அவள் அந்தக் கடைக்கு நான்கு முறை போயிருக்கிறாள். அதிகபட்சம் அரை மணி நேரம். அதுவும் பேசியது அவள்தான். இரண்டு நாள் பேசாமல் உட்கார்ந்தவன் கண்ணில் பட்டது, அவள் கண்ணில் படவில்லை. வாய்க்குள் பதில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிற?" என்றாள். அவன் ஒரு வழி சொன்னான். அவள் நினைத்ததைவிட எளிமையாக இருந்தது.

எல்லாம் சுகமாகவே போகவில்லை. காலாவதி மருந்துகளை ஸ்டாக்கிஸ்ட்டுக்குத் திருப்பி அனுப்பும் திரையை ஒரு டிசைனரிடம் முழுதாக விட்டாள். கடைக்காரர்களுக்குப் புரியவே இல்லை. இரண்டு வாரம் வீண். ஒரு பெரிய ஸ்டாக்கிஸ்ட் போனில் கத்தினார். மேலதிகாரி, "யார் பண்ணது இது?" என்று கேட்டார்.

"நான்தான் அனுமதிச்சேன். இன்னும் பத்து நாள்ல சரிபண்ணிடறோம்."

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. 'கொடுத்தால் கெட்டுப்போகிறது. கொடுக்காவிட்டால் நான் வளர முடியாது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் என் பெயரே மறைந்துவிடாதா?' வேலையைப் பகிரச் சொல்லி யோசனை சொல்பவர்கள் இந்தப் பயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தன் உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் மதிப்பார்கள் என்று பழகிய பெண்களுக்கு இது இன்னும் பெரிய பயம். அவள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். வேலையைக் கொடுக்கலாம், பதில் சொல்லும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. டிசைனருக்குத் திட்டு விழாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால், அடுத்த முறை எட்டாவது நாள் காட்டாமல் இரண்டாவது நாளே கடைக்காரரிடம் காட்ட வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்தாள்.

இன்னொரு பழக்கத்தையும் அவள் விட வேண்டியிருந்தது. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்வது! கூகுளின் சுந்தர் பிச்சை, தன் நேர்முகத் தேர்வைப் பற்றிச் சொன்ன கதை ஒன்று உண்டு. 2004 ஏப்ரல் 1 அன்று தேர்வு. அன்றுதான் ஜிமெயில் அறிவிக்கப்பட்டது. அது முட்டாள்கள் தின விளையாட்டோ என்று அவருக்குச் சந்தேகம். ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தேர்வாளர்கள் கேட்க, தான் அதைப் பார்த்ததில்லை என்று உள்ளதைச் சொன்னார். பிறகு ஒருவர் அதைத் திறந்து காட்டினார். அதன் பிறகு கேட்டவருக்கு அவரால் கருத்துச் சொல்ல முடிந்தது. ப்ராடக்ட் மேனேஜராகச் சேர்ந்தவர், 2015-ல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். 'எனக்குத் தெரியாது, காட்டுங்கள்' என்று சொல்வது தலைமைக்கு இழுக்கு இல்லை. அவள் அதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு, மீட்டிங்கில் மூலையில் உட்கார்ந்திருந்தவர்களும் வாய் திறந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்த டீமின் மூத்த இன்ஜினீயர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடுத்து என்னை மேனேஜர் ஆக்கிடுவாங்களோ? எனக்கு கோட் எழுதறதுதாங்க பிடிச்சிருக்கு."

அதுவும் வளர்ச்சிதான். ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுவிட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார். நிறுவனத்தை உருவாக்கியவரே அப்படித் திரும்பும்போது, கைவேலையை நேசிப்பவர் கட்டாயத்துக்காக மேனேஜர் நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை. அந்த இன்ஜினீயரைத் தொழில்நுட்பப் பக்கமே உயர்த்த வேண்டும் என்று அவள் நிர்வாகத்துக்கு எழுதினாள். மற்றவர்கள் எந்தப் பக்கம் வளர விரும்புகிறார்கள் என்று தெரிந்துவைத்திருப்பதும் தலைவரின் வேலை.

செப்டம்பர் வந்தது. 3-ம் தேதி இரவு ஜி.எஸ்.டி கவுன்சில் முடிவுகள் வெளியாயின. பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைகிறது. உயிர்காக்கும் 36 மருந்துகளுக்கு வரியே இல்லை. நடைமுறைக்கு வரும் நாள் செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கும் திங்கட்கிழமை. கையில் இருந்தது 19 நாள். அந்தக் காலையில் கடை திறக்கும்போது ஒவ்வொரு பில்லும் புது வரியில் வர வேண்டும்.

பழைய அவளாக இருந்தால் அன்றிரவே லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். இந்த முறை ஒரு பக்கம் எழுதினாள். பொறுப்பைத் தாம்பரத்துக்குப் போய்வந்த பையனிடம் கொடுத்தாள்.

20-ம் தேதி, சனிக்கிழமை காலை, குளியலறையில் மாமனார் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. கணவர் வேலை விஷயமாக புனேயில் இருந்தார். ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, கையெழுத்துகள் என்று எல்லாம் அவள் தலையில். ஞாயிறு காலை அறுவை சிகிச்சை. கணவர் வந்து சேர மதியம் ஆகிவிட்டது.

மாலையில்தான் போனைக் கையில் எடுத்தாள். அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. முதலில் வயிற்றைக் கலக்கியது. 'ஒன்றுமே நடக்கவில்லையா?' கூப்பிடப் போன விரலை நிறுத்திக்கொண்டாள்.

நள்ளிரவு 12.40-க்குச் செய்தி வந்தது. "அக்கா, அப்டேட் எல்லாக் கடைக்கும் போயிடுச்சு. தாத்தா எப்படி இருக்காங்க?"

அதற்குக் கீழே அவன் எழுதியிருந்ததை அவள் ஆஸ்பத்திரி வராண்டா வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தாள். 12-லிருந்து 5 என்றால் விலையில் 7 சதவிகிதம் கழித்தால் போதும் என்றுதான் முதலில் செய்திருக்கிறார்கள். சோதிக்கும் பெண் தடுத்திருக்கிறாள். எம்.ஆர்.பி-க்குள் வரியும் அடக்கம். 112 ரூபாய் அட்டை என்றால் அதில் மருந்தின் விலை 100, வரி 12. புது விலை 105. வெறுமனே 7 சதவிகிதம் கழித்தால் 104.16 வரும். ஒவ்வொரு அட்டையிலும் 84 காசு கடைக்காரருக்கு நஷ்டம்.

இன்னொன்றும் இருந்தது. அலமாரியில் இருக்கும் பழைய அட்டைகளில் பழைய விலைதான் அச்சாகியிருக்கும். அவற்றைத் திரும்பப் பெற்று லேபிள் மாற்ற வேண்டிய கட்டாயமில்லை, தயாரிப்பாளர் தரும் புதிய விலைப்பட்டியல்படி கடையில் விற்பதை உறுதிசெய்தால் போதும் என்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் சொல்லியிருந்தது. சாஃப்ட்வேரோ, அட்டையில் அச்சான விலையை வைத்துத்தான் பில் போடும். 'பழைய அட்டையை என்னப்பா பண்றது?' என்று தாம்பரம் அண்ணாச்சி பத்து நாள் முன்பே அவனிடம் கேட்டிருக்கிறார். அதனால் புதிய விலைப்பட்டியலை ஏற்றினால் பழைய ஸ்டாக்குக்கும் அதுவே பொருந்தும்படி செய்துவிட்டார்கள். இந்த விஷயம் அவளுக்குத் தோன்றியிருக்குமா? நேர்மையாகச் சொன்னால், தோன்றியிருக்காது.

திங்கட்கிழமை காலை மாமனார் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்குத்தானே உங்க ஆபீஸ்ல அந்த ஜி.எஸ்.டி வேலை? நீ போகலையா?"

"அவங்களே முடிச்சிட்டாங்க மாமா."

"கையைப் பின்னாடி கட்டிட்டியா?"

"கட்டவெச்சிட்டீங்களே. இங்க உங்க எக்ஸ்ரேவைப் பிடிச்சிக்கிட்டுல்ல நின்னேன்."

வலியிலும் அவர் சிரித்தார். அந்த வருடம் வீட்டில் கொலு இரண்டு நாள் தாமதமாகத்தான் வைத்தார்கள்.

அக்டோபரில் மேலதிகாரி சென்னை வந்தபோது கேட்டார். "22-ம் தேதி ஒரு பெரிய புகார்கூட வரலை. அன்னிக்கு ராத்திரி எங்கே இருந்தீங்க, ஆபீஸ்லயா?"

"ஆஸ்பத்திரியில."

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "யார் பார்த்துக்கிட்டாங்க?" என்றார். அவள் மூன்று பெயர்களைச் சொன்னாள். முதல் பெயர் அந்தப் பையனுடையது. இரண்டாவது, 84 காசைக் கண்டுபிடித்த பெண்ணுடையது.

ஜனவரியில் டைரக்டர் பதவி வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, அவள் எழுதிய கடிதத்தின் பேரில் அந்தப் பையன் ப்ராடக்ட் மேனேஜர் ஆகியிருந்தான். இப்போது அவனுக்குக் கீழேயும் யாரும் இல்லை. பொறுப்பு மட்டும் முழுதாக இருக்கிறது. அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான்.

"அக்கா, ஒரு சிக்கல். இதுக்கு என்ன பண்ணலாம்?"

அவளுக்குப் பதில் நுனிநாக்கில் இருக்கும். வாக்கிங் ஸ்டிக்கை ஊன்றி மெல்ல நடை பழகும் மாமனாரைப் பார்ப்பாள். அவருடைய ஒரு கை ஸ்டிக்கில் இருந்தாலும், இன்னொரு கை பின்னால்தான் இருக்கும்.

"நீ என்ன நினைக்கிற? முதல்ல அதைச் சொல்லு" என்பாள்.